நாற்பதாவது குப்பி

கடலுக்கடியில் நாலு கிலோமீட்டர் ஆழத்தில், பத்து லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்த ஒரு பொருளை மில்லுக்காரி மூன்று நிமிடத்தில் மாவாக்கிவிடுவாள். அதில் அவளுக்குக் குற்றவுணர்ச்சி ஏதும் இல்லை. அரைக்கச் சொன்னார்கள், அரைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பொருளுக்குக் கிழங்கு என்று பெயர். கறுப்பாக, உருளைக்கிழங்கு அளவில், சொரசொரவென்று இருக்கும். கடல் தரையில் கிடக்கும் ஒரு சுறாப் பல்லையோ எலும்புத் துணுக்கையோ நடுவில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் மாங்கனீசும் இரும்பும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் படியும். அந்த அடுக்குகள் சும்மா இருக்காது. அக்கம்பக்கத்தில் தென்படும் நிக்கல், செம்பு, கோபால்ட்டு என்று கையில் சிக்கியதையெல்லாம் இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். அப்படிச் சேர்த்த சொத்துக்காகத்தான் கப்பல்காரர்கள் அதை அள்ளி, உடைத்து, பை பையாகக் கட்டி அனுப்பினார்கள். எந்தப் பையில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சொல்வது கூடத்தின் வேலை.

வேலை ஒரு வரிசையில் நடக்கும். மில்லுக்காரி அரைப்பாள். தூளைக் குப்பிகளில் போட்டு ஓவனில் நூற்றைந்து டிகிரியில் காயவைப்பார்கள். ஆறியதும் தராசு மாமா எடை போடுவார். ஆசிட் அண்ணன் அதை அமிலத்தில் கரைப்பார். கரைசல் கருவிக்குப் போகும், எண்கள் தாளாக வெளியே வரும், மேடம் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்கும் மில்லுக்கும் நடுவே நாலு கதவுகள். மில் அறையில் ஜன்னல் கிடையாது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும்.

திங்கட்கிழமை காலையில் அந்த நாலு கதவையும் தாண்டி அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேடம் உட்காரச் சொல்லவில்லை. மேசையில் கப்பல்காரர்களின் கடிதம் கிடந்தது.

"போன தடவை அனுப்பினதுல ஒரு வேலை பண்ணியிருக்காங்க. ஒரே குவியலை நல்லாக் கலந்து, நாலு பையில போட்டு, நாலுக்கும் வேற வேற நம்பர் ஒட்டி நடுநடுவுல சொருகியிருக்காங்க. நாமளும் நாலுக்கும் நாலு பதில் எழுதிக் கொடுத்திருக்கோம். மாங்கனீசு ஒண்ணுல இருபத்தொம்பது, இன்னொண்ணுல இருபத்தேழு புள்ளி ரெண்டு. சிரிக்கிறான் அவன்."

"சரி மேடம்."

"என்ன சரி? நிக்கல், செம்பு, கோபால்ட்டு எல்லாமே அதே விகிதத்துல இறங்கியிருக்கு. ஆசிட்ல சரியாக் கரையலேன்னா ஒண்ணு நிறையக் குறையும், ஒண்ணு கொஞ்சமாக் குறையும். எல்லாம் ஒண்ணாக் குறைஞ்சா என்ன அர்த்தம்? தூள்ல வேற எதுவோ கலந்திருக்கு. நீ ஒவ்வொரு தடவையும் மில்லை எதைப் போட்டுச் சுத்தம் பண்ற?"

"வெள்ளை மணல்."

"அதான்."

ஒரு பையை அரைத்து முடித்ததும் கொஞ்சம் வெள்ளை மணலைப் போட்டு ஓட்டி, கொட்டி, பிரஷ்ஷால் துடைத்து, காற்றடித்துவிட்டுத்தான் அடுத்த பையை எடுப்பாள். மணலில் உலோகம் எதுவும் இல்லை. அது தங்கிப்போனால் எல்லா உலோகமும் ஒரே விகிதத்தில் குறையும். மேடம் சொன்னதில் ஓட்டை இல்லை.

"நான் துடைக்காம விட்டதில்ல மேடம்."

"சான்றிதழோட வாங்குற கிழங்குத் தூள், அந்த ரெஃபரன்ஸ் பவுடர், ஒவ்வொரு தடவையும் டாண்ணு சரியா வருது. ஏன்? அது அரைச்சே சீல் போட்டு வருது, உன் மில்லுக்குள்ள போறதில்ல. மில்லுக்குள்ள போனது மட்டும்தான் தப்பா வருது. இன்னும் ஒரு சான்ஸ் கொடுத்திருக்கான். திரும்பப் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். அதுவும் போச்சுன்னா கிழங்கு வேலையே கைவிட்டுப் போயிடும். அரைக்கிறதை வெளியில கொடுத்துடலாம்னு இருக்கேன். சனிக்கிழமையோட நீ நின்னுக்கலாம்."

அவ்வளவுதான். மேடம் கொடுமைக்காரி இல்லை. கணக்குப் பார்த்தார், விடை வந்தது, சொன்னார்.

மில்லுக்காரி கல்லூரியில் வேதியியலை மூன்றாம் வருடத்தில் விட்டவள். வறுமை, குடும்பச் சூழ்நிலை என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் காரணங்கள் இருந்தன. உண்மை அதுவல்ல. அவளுக்குப் போர் அடித்தது. காலையில் எழுந்திருக்கவில்லை. தேர்வுக்குப் போகவில்லை. அப்புறம் ஐந்து வருடம் கண்ட வேலையும் பார்த்தாள், எதிலும் ஒட்டவில்லை. அக்கா புருஷன் சொல்லித்தான் இங்கே மில்லில் சேர்ந்தாள். மாவு அரைப்பது போர் அடிக்கும் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. இங்கே வந்துதான் ஒரு வேலையை முழுசாகச் செய்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டாள். அதைத்தான் இப்போது சனிக்கிழமைக்குள் பிடுங்கப் போகிறார்கள்.

மதியம் ஆசிட் அண்ணனின் அறைக்குப் போனாள். புகைக்கூண்டுக்குள் குடுவைகளில் கிழங்குத் தூள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்புத் தூள் கரையும்போது குளோரின் கிளம்பும். விசிறி இழுத்தும்கூட, நீச்சல்குளத்தைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு நெடி அறையில் எப்போதும் நிற்கும்.

"அண்ணே, கரைஞ்சதுக்கு அப்புறம் அடியில வெள்ளையா மணல் தங்குதா?"

"கேட்டியா ஒரு கேள்வி! காலையில இருந்து கூடமே உன் மணலைப் பத்தித்தான் பேசுது." அண்ணன் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "அடியில கொஞ்சம் களிமண் நிக்கும், அது கிழங்கோட சொந்தச் சரக்கு. எல்லாக் குடுவையிலயும் ஒரே மாதிரிதான் நிக்குது. நூத்துக்கு ஆறு மணல் கலந்திருந்தா என் கண்ணுக்குத் தெரியாதா? மூக்குதான் போச்சு, கண்ணு இருக்கு."

"இதை மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"கேட்டாச் சொல்லுவேன். கேக்காமச் சொன்னா வாயைக் கொடுத்து மாட்டிக்கிறது. எனக்கு ரெண்டு பொண்ணும்மா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் பாவம் எந்த இடம் என்று தெரிந்தாக வேண்டுமே.

அவள் பழைய முடிவுத் தாள்களை எடுத்துக்கொண்டு மில் அறைக்குத் திரும்பினாள். அவளிடம் ஒரு நோட்டு உண்டு. எந்தப் பையை எப்போது அரைத்தோம் என்று அதில் குறித்து வைத்திருப்பாள். பைகளின் நம்பர்படி அவள் அரைப்பதில்லை. பொடிசு முதலில், பெரிய துண்டுகள் கடைசியில். மில் சூடாவதைப் பொறுத்து அவளே வகுத்துக்கொண்ட வரிசை அது.

தரையில் உட்கார்ந்து, கப்பல்காரனின் நாலு மாறுவேடப் பைகளின் எண்களை அரைத்த வரிசைப்படி எழுதினாள். ஒரு ஒழுங்கும் இல்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மணல் தங்கியிருந்தால் மில்லின் வரிசையில் ஏதாவது தடயம் இருக்க வேண்டும்.

பிறகு அதே நாலு பைகளையும் எடை போட்ட வரிசைப்படி எழுதிப் பார்த்தாள். தட்டில் நாலாவது குப்பி: இருபத்தொன்பது. பதினைந்தாவது: இருபத்தெட்டு புள்ளி நாலு. இருபத்தெட்டாவது: இருபத்தேழு புள்ளி எட்டு. நாற்பதாவது: இருபத்தேழு புள்ளி இரண்டு.

படிக்கட்டு. ஒரு படிகூடத் தவறாமல் இறங்கியது.

ரெஃபரன்ஸ் பவுடர் எத்தனையாவது குப்பி என்று பார்க்கத் தேவையே இல்லை. எப்போதும் முதல் குப்பி. அது கூடத்தின் சட்டம். முதலில் ரெஃபரன்ஸ் சரியாக வந்தால் அன்றைய நாள் சரி.

சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் எடை போடுகிறவர் அக்கா புருஷன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தராசு அறைக் கதவின் கண்ணாடி வழியாக நின்று பார்த்தாள். மாமா உலர்ஜாடியின் கனமான மூடியை நகர்த்தி, நாற்பது குழி உள்ள தட்டை வெளியே எடுத்தார். ஜாடியின் அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் பளபளத்தன. தட்டை மேசையில் வைத்து, நாற்பது குப்பிகளின் மூடிகளையும் வரிசையாகக் கழற்றினார். டக் டக் டக்கென்று, பார்க்கவே அழகாக இருந்தது. பிறகு முதல் குப்பியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றுக்கு மூன்று நிமிடம். நாற்பதாவது குப்பி இரண்டு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. வெளியே மழை. ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது.

முன்பெல்லாம் மாமா ஒரு குப்பியைத் திறந்து, எடுத்து, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். மொத்தமாகத் திறப்பது ஆறு மாதத்துக்கு முன்னால் அவரே கண்டுபிடித்த முறை. நாளுக்கு அரைமணி நேரம் மிச்சம். மேடம் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். கூடம் அதுவரை பார்த்தது இரும்புக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும். அந்தத் தூள் நாள் முழுக்கத் திறந்து கிடந்தாலும் ஒரு மயிரிழை எடை கூடாது. கிழங்கு அப்படியில்லை. அதன் அடுக்குகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள். ஒரு கிராம் தூளின் இடுக்குகளைப் பிரித்து விரித்தால் ஒரு பெரிய வீட்டுத் தரை தேறும். அத்தனையும் காய்ந்துபோய்த் தவிக்கிற தரை.

டீ இடைவேளையில் மாடிப்படியில் மாமாவைப் பிடித்தாள்.

"மாமா, கிழங்கு தண்ணி குடிக்குது."

"மச்சினி, நானே இன்னும் டீ குடிக்கல."

"விளையாடாதீங்க. ஓவன்ல காயவச்சதைத் திறந்து வைக்கிறீங்க. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்குது. கடைசிக் குப்பிக்குப் போறப்ப நீங்க கிழங்கை மட்டும் எடை போடல, தண்ணியையும் சேர்த்து எடை போடுறீங்க."

அவர் சிரித்தார். தாளைக் காட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"பதினெட்டு வருஷமா தராசுல உக்காந்திருக்கேன். படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"பாதியில விட்டேன். விட்ட பாதியில இது இல்ல, படிச்ச பாதியில இருந்தது."

"இந்த வேலைக்கு உன்னைக் கொண்டாந்ததே நான்."

"ஆமா. சனிக்கிழமை என்னை அனுப்புறதும் நீங்கதான்."

மாமா டீ கப்பைப் படியில் வைத்தார். குடிக்கவே இல்லை.

"ரெஃபரன்ஸை ஒரே ஒரு தடவை கடைசியில வச்சுப் பாருங்க மாமா. வேற ஒண்ணும் கேக்கல."

"ரெஃபரன்ஸ் முதல்லதான் வைக்கணும். எழுதியே ஒட்டியிருக்கு." எழுந்து போய்விட்டார்.

அவள் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. தாளை மேசையில் வைத்தாள். "அரைச்ச வரிசை இது. எடை போட்ட வரிசை இது. எது படிக்கட்டு மாதிரி இருக்குன்னு நீங்களே பாருங்க. ரெஃபரன்ஸ் பவுடரை ரெண்டு குப்பியில போடுங்க. ஒண்ணு முதல்ல, ஒண்ணு நாப்பதாவதா. ரெண்டும் மில்லைப் பார்க்காத பவுடர். ரெண்டும் ஒண்ணா வந்தா வெள்ளிக்கிழமையே போயிடுறேன், சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்."

மேடம் தாளை வெகுநேரம் பார்த்தார். இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"வியாழக்கிழமை. தராசுல நானே நிப்பேன்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமா தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். அவள் சுவரைப் பார்த்தே சாப்பிட்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் வாயை அடகு வச்சுட்டு வந்தீங்களா?" என்றாள் அக்கா.

"உன் தங்கச்சியைக் கேளு."

"உன் புருஷனைக் கேளு."

"நல்லாயிருக்கு. நான் என்ன தபால்பெட்டியா?" என்று அக்கா பாத்திரத்தை ஓசையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமையும் மழை. மேடம் கையைக் கட்டிக்கொண்டு தராசு அறையில் நின்றார். மில்லுக்காரி கதவோரம். மாமா வழக்கம்போல நாற்பது மூடிகளையும் கழற்றினார், ஆனால் அந்த டக் டக் தாளம் இல்லை. முதல் குப்பியிலிருந்து தூளை எடுத்துத் தட்டில் கொட்டினார். தராசின் கடைசி எண் நிற்கவில்லை. ஒன்று ஏறியது, நின்ற மாதிரி நின்றது, மறுபடி ஒன்று ஏறியது. மாமா சட்டென்று பொத்தானை அழுத்தி எண்ணைப் பதிந்தார்.

"அது ஏன் ஏறுது?" என்று மேடம் கேட்டார்.

"தராசு கொஞ்சம் அப்படித்தான் மேடம். பழைய தராசு."

இரண்டு மணி நேரம் நின்றார்கள். நாற்பதாவது குப்பிக்கு வந்தபோது எண் அசையாமல் நின்றது. குடிக்க வேண்டியதையெல்லாம் குடித்து முடித்துவிட்ட நிதானம். மாமா அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கருவி தாளைத் துப்பியது. ஆசிட் அண்ணன்தான் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

முதல் குப்பி ரெஃபரன்ஸ்: மாங்கனீசு இருபத்தொன்பது புள்ளி ஒன்று. சான்றிதழில் இருக்கும் அதே எண்.

நாற்பதாவது குப்பி ரெஃபரன்ஸ்: இருபத்தேழு புள்ளி இரண்டு.

ஒரே டப்பாவிலிருந்து எடுத்த தூள். மில்லின் வாசலைக்கூட மிதிக்காத தூள்.

மேடம் படித்தார். நிக்கலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். எல்லாம் அதே விகிதத்தில் இறங்கியிருந்தன. "மணல் இல்ல," என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"மணல் இருந்தா நான் பார்த்திருப்பேன்னு அன்னைக்கே சொன்னேனே," என்றார் ஆசிட் அண்ணன்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன் மேடம்."

மாமா தராசு அறைக்குள் போனார். மூவரும் பின்னால் போனார்கள். அவர் நாற்பதாவது குப்பியில் மிஞ்சியிருந்த தூளை எடை போட்டு, குப்பியை ஓவனில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, சூட்டோடு மூடி போட்டு, உலர்ஜாடியில் ஆறவைத்து, மறுபடி எடை போட்டார். நூற்றுக்கு ஆறரைப் பங்கு காணாமல் போயிருந்தது. இருபத்தொன்பது புள்ளி ஒன்றிலிருந்து இருபத்தேழு புள்ளி இரண்டுக்கு இறங்கினால் எத்தனை பங்கோ, அத்தனை.

பிறகு அவர் தானாகவே ஒரு காரியம் செய்தார். அதே காய்ந்த தூளில் அரைக் கிராமைத் தட்டில் பரப்பி, தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தே விட்டார். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். எண் ஏறியது. நிற்காமல் ஏறியது. யாரும் எதையும் போடவில்லை, யாரும் தொடவில்லை, வெறும் காற்றிலிருந்து எடை கூடிக்கொண்டே போனது. கடலடியில் நிக்கலையும் செம்பையும் இழுத்துச் சேர்த்த அதே தாகம், அதே இடுக்குகள். அந்தத் தாகம் இல்லாவிட்டால் கிழங்குக்கு மதிப்பே இல்லை. அதைத்தான் இவர்கள் மணல் என்றும் பழைய தராசு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுறதை நான் பார்த்தேன்," என்றார் மாமா. "ஆறு மாசமாப் பார்த்தேன். ஏறுறதுக்குள்ள பொத்தானை அமுக்கக் கத்துக்கிட்டேன். ஏன் ஏறுதுன்னு கேக்கல." மேடத்தின் பக்கம் திரும்பினார். "மில்லுல தப்பில்ல மேடம். தப்பு என் தட்டுல."

"கை தட்டினது நான்தான்," என்றார் மேடம். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் பேசவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவன்கிட்ட டைம் கேக்குறேன். முடியுமா?"

"முடியும்," என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. மேடத்தையும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை அவள் வேலையை விட்டு நிற்க வேண்டிய நாள். காலை ஆறு மணிக்கு வந்தாள். மில்லில் அவளுக்கு அன்று வேலை இல்லை, தூள் எல்லாம் தயார். மாமா தராசுக்கு முன்னால் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில் ஜாடியோடு உட்கார்ந்தாள். ஒரு குப்பி வெளியே வரும். திறப்பாள். மாமா எடுப்பார். மூடுவாள். மூடிய பிறகுதான் அடுத்தது. முதலில் கொஞ்சம் கை இடித்தது. பத்தாவது குப்பிக்குள் தாளம் வந்துவிட்டது. ரெஃபரன்ஸ் மூன்று இடத்தில்: முதலில், நடுவில், கடைசியில்.

"மூடு."

"மூடிட்டேன்."

"இறுக்கி மூடு."

"மாமா, கழுத்தை நெரிக்கிற மாதிரி மூடியிருக்கேன்."

"நெரி. அதுக்கு அவ்வளவு தாகம்."

அண்ணனின் அறையில் நாற்பது குடுவைகள் ஒன்றாகக் கொதித்தன. குளோரின் நெடி நடைபாதை வரை வந்தது. நாலரை மணிக்குக் கருவி தாளைக் கொடுத்தது. மேடம் வாய்விட்டுப் படித்தார், வழக்கமில்லாத வழக்கம். ரெஃபரன்ஸ் மூன்றும் இருபத்தொன்பது புள்ளி ஒன்று. கப்பல்காரனின் நாலு மாறுவேடப் பைகள்: இருபத்தொன்பது, இருபத்தொன்பது புள்ளி ஒன்று, இருபத்தொன்பது புள்ளி ஒன்று, இருபத்தொன்பது. படிக்கட்டு போய் தரையாகிவிட்டது. பந்தை வைத்தால் உருளாத தரை.

ஆசிட் அண்ணன் விசில் அடித்தார். ஆய்வுக்கூடத்தில் விசில் அடிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை.

கப்பல்காரன் பதில் அனுப்ப அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாலும் பொருந்துகிறது, அடுத்த இருநூறு பை திங்கட்கிழமை வருகிறது, எடை போடும் முறையை எழுதி அனுப்பினால் மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் கொடுக்க விரும்புகிறோம் என்றிருந்தது. மேடம் கடிதத்தை மில்லுக்காரியிடம் நீட்டினார்.

"முறையை நீயே எழுது. கீழ உன் பேரைப் போடு."

"மில்லு?"

"மில்லுக்கு வேற ஆளைப் பார்க்கிறேன். நீ மணலை எப்படித் துடைப்பியோ அப்படித் துடைக்கிற ஆள் கிடைச்சா." அவ்வளவுதான் மேடத்துக்கு வரும் மன்னிப்பு. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தராசு அறையில் மாமா இரண்டாவது நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டிருந்தார். சக்கரம் ஒன்று உடைந்த நாற்காலி.

"நல்ல நாற்காலி இல்லையா?"

"நல்லதுல நான் உக்காந்திருக்கேன். பதினெட்டு வருஷம்."

அவள் உடைந்ததில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே வெள்ளைத் தாளை எடுத்து, முதல் வரியை எழுதினாள்: ஒரு நேரத்தில் ஒரு குப்பியை மட்டும் திறக்கவும்.

வீட்டில் முழுக் கதையையும் கேட்ட அக்கா, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மழைக்காலத்துல உப்பு டப்பாவை மூடி வைக்கணும்னு இருபது வருஷமாக் கத்துறேன். அதைக் கண்டுபிடிக்க உங்க நாலு பேருக்கும் ஒரு ஆய்வுக்கூடம் வேண்டியிருந்துச்சு?"

மாமா எழுந்து போய் உப்பு டப்பாவை மூடினார்.

"இறுக்கி மூடுங்க மாமா," என்றாள் மில்லுக்காரி.